டிரெய்லருக்கு எந்த அச்சு?

டிராக்டர் டிரெய்லர் வாங்க முற்படும் அங்கத்தினர்கள் பெட்டியின் தகட்டையும் டயரையும் தட்டிப் பார்க்கின்றனரேயன்றி, அடியில் கிடக்கும் அச்சைக் குனிந்து நோக்குவோர் சிலரே. மலிவு அச்சுக்கும் உயர்ந்த அச்சுக்கும் உள்ள வேற்றுமை இரும்பின் கனத்தில் மட்டுமன்று. பேரிங்கிலும் அதைக் காக்கும் ஆயில் சீலிலுமே பெரிதும் உள்ளது. பெரியாறு பாசனத்து மேலூர், வாடிப்பட்டி வயல்களில் இறங்கும் வண்டிக்குச் சீல் தளர்ந்தால் சேற்று நீர் புகும், கிரீஸ் கெடும், பேரிங் தேய்ந்து அறுவடை நாளில் சக்கரம் வழியில் நிற்கும். அலங்காநல்லூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் 2019க்குப் பின் அரவை நின்றபோது கரும்பு தொலைதூர ஆலைகளுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. தூரம் கூடக் கூடப் பேரிங்கின் சூடும் கூடும்.

ஆகவே நெடுந்தூரப் பாரத்துக்கும், பலர் கை மாறும் சங்க வாடகை வண்டிக்கும் உயர்ந்த அச்சே தகும் என்பது நமது அபிப்பிராயம். எருவை வயலுக்குக் கொண்டு செல்லும் சிறு விவசாயி அவ்வளவு செலவிட வேண்டுவதில்லை. ஆனால் பழைய லாரியில் கழற்றிய அச்சை வெட்டிப் பற்றவைத்து விற்பதை, எவ்வளவு மலிவாயினும், நாம் ஒப்போம். பற்றவைத்த இடம் சொல்லாமல் முறியும். உயர்ந்த அச்சிலும் ஒரு சங்கடமுண்டு. அதன் பேரிங் மதுரைக் கடைகளில் கிடைக்காவிடில் கொடுத்த விலைக்குப் பயனில்லை. பேரிங்கின் எண்ணைக் கடையில் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.