நோன்பைத் திறப்போம், முறிக்க வேண்டா

ஒரு மொழியின் வினைச்சொற்கள் அம்மொழி பேசும் மக்களின் உள்ளப்பாங்கைக் காட்டுவன. பிறமொழிப் பெயர்ச்சொல்லை எளிதில் கடனாகப் பெறலாம். வினையைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப் புகுந்தாலோ பொருளே திரிந்துவிடுவது உண்டு. ரமலான் மாதத்து மாலைதோறும் நிகழும் ஒரு செயலைக் குறிக்கும் சொல்லே இதற்குச் சான்றாகும்.

ஆங்கிலேயர் நோன்பைப் 'பிரேக்' செய்வர், அஃதாவது, உடைப்பர். இரவெல்லாம் உண்ணாதிருந்த நிலையைக் காலையில் உடைக்கும் உணவே 'பிரேக்ஃபாஸ்ட்'. 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல் இது. 'ஃபாஸ்ட்' என்பதன் அடிப்பொருள் உறுதியாகப் பற்றி நிற்றல் என்பதாம். அரபு மொழியின் 'இஃப்தார்' என்னும் சொல்லும் பிளத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்ததே. வானம் பிளத்தலைக் கூறும் திருக்குர்ஆனின் 82ஆம் அத்தியாயம் 'இன்ஃபிதார்' எனப் பெயர் பெற்றதும் அவ்வேரினின்றேயாம்.

தமிழ் முஸ்லிம்களோ நோன்பைப் பிடிப்பர், பின் திறப்பர். 'நோன்பு', பொறுத்தல் என்னும் பொருளுடைய 'நோல்' என்னும் வினையடியாகப் பிறந்த பழந்தமிழ்ச் சொல். உருது பேசுவோர் 'ரோஜா கோல்னா' என்பதும் திறத்தலையே குறிக்கும். குமுளி மலையேறிக் கேரளத்துள் நுழைந்தால் அங்கும் 'நோம்பு துற' என்னும் வழக்கே காதில் விழும்.

அவ்வாறாயின் தமிழில் நோன்பு 'முறிதல்' என்பதே இல்லையா? உண்டு. ஆனால் அது வேறு. பகற்பொழுதில் வேண்டுமென்றே உண்டால் நோன்பு முறியும். முறிந்த நோன்பைப் பின்னொரு நாளில் 'களா'வாக நோற்றல் கடமை. திறத்தல் நிறைவு, முறித்தல் குறை. ஆங்கிலத்தின் ஒரே சொல் இவ்விரண்டையும் குறிக்க, நம் வழக்கு இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்துள்ளது. ஆகவே, பேரீச்சம்பழம் உண்டு முறைப்படி நோன்பு திறந்த ஒருவரை 'நோன்பை முறித்தார்' என எழுதுவது மொழிபெயர்ப்பன்று; அவர் செய்யாத குற்றத்தை அவர்மேல் ஏற்றுவதாகும். மாணவர்தம் மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் இப்பிழையைக் காணும்போதெல்லாம் நெஞ்சம் வருந்துகிறது.

இவ்வேறுபாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. பென்னிகுவிக் அரும்பாடுபட்டுக் கட்டிய பெரியாறு அணை 1895இல் பயன்பாட்டிற்கு வந்தது. தேக்கடித் தலைமதகு திறக்கப்பட்டால் இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் பசுமை கொள்ளும். 'தண்ணீர் திறந்தாயிற்று' என்பது உழவர்க்கு நற்செய்தி. 'கரை உடைந்தது' என்பதோ பேரிடி. இரண்டிலும் தேங்கிய நீர்தான் வெளியேறுகிறது. ஒன்று உரிய காலத்தில் முறையோடு வருவது, மற்றொன்று முறைகெட்டுப் பாய்வது. பகலெல்லாம் தேக்கிய பசியும் தாகமும் மக்ரிபு பாங்கொலி கேட்டதும் முறையோடு விடுபடுவதைத் 'திறத்தல்' என்றனர் நம் முன்னோர். மதகைத் திறக்கும் அதே சொல் நோன்புக்கும் பொருந்திய அழகை என்னென்பது!

'இஃப்தார்' என்னும் அரபுச் சொல்லே போதாதா எனச் சிலர் வினவலாம். நபிமொழிகளில் இடம்பெற்ற அச்சொல்லின் சிறப்பை மறுப்பார் யார்? எனினும், தொழுகை, நோன்பு, ஓதுதல், பள்ளிவாசல் எனத் தமிழ்ச் சொற்களாலேயே மார்க்கக் கடமைகளையும் இடங்களையும் வழங்கிய முன்னோரின் ஈமான் எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை. மேலும், அச்சொற்கள் அண்டை வீட்டாருக்கும் விளங்கின. நோன்புக் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்கு வரும் பிற சமயத்தவரும், 'என்ன பாய், நோன்பு திறந்தாச்சா?' என்றே உரிமையோடு கேட்பர். அக்கேள்வியில் உள்ள உறவை இழப்பது எளிது, மீட்பது அரிது.

கருத்து விளங்கினால் போதும், சொல் எதுவானால் என்ன என்பாரும் உளர். இங்கே கருத்தே தலைகீழாகிறது என்பதை மேலே கண்டோம்.

நோன்பாளிகளுக்கென 'ரய்யான்' என்னும் வாயில் சுவனத்தில் உண்டென்பது நபிமொழி வழியே நாம் அறிந்த செய்தி. வாயில் திறப்பதற்கே உரியது. மாணவச் செல்வங்களே! ஆங்கிலத்தை நன்கு கற்பீர், அரபையும் கற்பீர். ஆனால் மொழிபெயர்க்க எழுதுகோல் எடுக்கும்போது, உங்கள் வீட்டுப் பாட்டிமார் அச்செயலை எச்சொல்லால் குறித்தனர் என ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அகராதி தராத நுட்பத்தை அவர்தம் நாவில் காண்பீர்கள்.