இருக்கையும் கொள்கையும்

நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் இருந்தார் என்பது மட்டும் ஒருவர்க்குப் பெருமை ஆகாது. அம்மன்றத்தின் தூண்களும் நெடுங்காலம் இருக்கின்றன. மக்கள் தந்த இருக்கையை எதற்குப் பயன்படுத்தினார், எப்பொழுது அதனைத் துறக்க அணியமாய் இருந்தார் என்பவையே உறுப்பினரை அளக்கும் கோல்கள்.

இக்கோல்களால் அளக்கத்தக்கவர் ஈழத்துத் தந்தை செல்வா. யாழ்ப்பாணத்தின் வடகரையில், துறைமுகம் உடையதும், 1990 வரை பைஞ்சுதைத் தொழிற்சாலை இயங்கியதுமான சிறுநகரம் காங்கேசன்துறை. சிவநெறியினர் மிக்க அத்தொகுதி, கிறித்தவராகிய செல்வநாயகத்தை 1947-இல் தேர்ந்தெடுத்தது. 1952-இல் தோற்றார். பின்னர் 1956, 1960-இல் இருமுறை, 1965, 1970 என அத்தொகுதி அவரையே மீண்டும் மீண்டும் அனுப்பியது. சமயம் பாராது இனமும் மொழியும் பார்த்த மக்கள் அவர்கள்.

1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. அம்மக்கள் அவர்தம் தொகுதியினர் அல்லர். ஆயினும் அவர்க்காக எதிர்த்து நின்றார். அரசோடு இணைந்த தம் கட்சித் தலைமையை விட்டு நீங்கி, 1949-இல் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார். 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றபொழுது, காலிமுகத் திடலில் அறப்போர் நிகழ்த்தினார். தாக்கப்பட்டும் தொண்டர் திருப்பித் தாக்கவில்லை.

1957-இல் பண்டாரநாயக்காவோடு செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிக்கப்பட்டது. 1965-இல் தட்லியோடு செய்ததும் நிறைவேறவில்லை. "அப்படியாயின் அவர் பெற்றுத் தந்தது என்ன?" என்று வினவுவார் உளர். சொல் தவறியவர் எவர் என்பதை மறந்துவிட்டுக் கேட்கும் வினா அது.

1972-இல் வந்த குடியரசு அரசமைப்பு, சிங்களத்தின் தனியாட்சிக்கு அரண் செய்தது. புத்தநெறிக்கு முதலிடம் தந்தது. சிறுபான்மையர்க்குக் காப்பாயிருந்த 29-ஆம் பிரிவை நீக்கியது. உடல் நலிந்து, குரல் மெலிந்திருந்த அம்முதியவர், அவ்வாண்டு அக்தோபரில் தம் இருக்கையைத் துறந்தார். "இவ்வரசமைப்பைத் தமிழர் ஏற்கின்றனரா என்பதை என் தொகுதியிலேயே கேட்டுப் பாருங்கள்" என்பதே அச்செயலின் பொருள். அரசோ ஈராண்டுக்கு மேலாக இடைத்தேர்தலைத் தள்ளிப் போட்டது. 1975 பிப்ரவரியில் தேர்தல் வந்தபொழுது, 16,000-க்கும் மிகுந்த வாக்கு வேற்றுமையில் மக்கள் விடையளித்தனர். 1977 ஏப்பிரலில் இறக்குங்காறும் அவரே அத்தொகுதியின் உறுப்பினர்.

தமிழகத்திலிருந்து தில்லிக்குச் செல்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாலமும் சாலையும் கேட்டுப் பெறுதல் உறுப்பினரின் கடமையே. ஆயினும் மொழிக்கு ஊறு நேருங்கால் வாய்திறவாதவர், எத்தனை முறை வென்றாலும் இருக்கையைக் காத்தவரே அன்றி, மக்களைக் காத்தவர் ஆகார்.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோரிடம், "என்ன தருவீர்?" என்று மட்டும் கேளாதீர். "தமிழுக்காக எதை விடுவீர்?" என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தயங்குவாரை நாமும் தயங்காது விட்டுவிடலாம்.