உறக்கமும் உரிமையே!

மூன்று இரவாக உறக்கமில்லை. ஆனாலும் களைப்பே இல்லை என்கிறான் ஒரு தொழிலாளி. மேஸ்திரி மெச்சுகிறார். சில வாரம் சென்று அதே மனிதன் பாயை விட்டு எழ முடியாமல் கிடக்கிறான். உடனே சூட்டுகிறார்கள், 'சோம்பேறி' என்ற பட்டம்!

இது இருமுனை மனநோயாக இருக்கலாம். எழுச்சி ஒரு முனை, சோர்வு மறு முனை. இந்நோயில் உறக்கம் கெடுவது அடையாளம் மட்டுமல்ல. எழுச்சியைக் கிளப்பிவிடும் காரணமும் ஆகிறது. மருந்து உண்டு. லித்தியத்தின் பயனை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எடுத்துரைத்தார். மருந்தோடு, நாள்தோறும் ஒரே நேரத்தில் படுத்து எழும் ஒழுங்கும் வேண்டும்.

வாரத்துக்கு ஒரு ஷிப்டு என்று மாற்றியடித்தால் அந்த ஒழுங்கு எப்படி நிலைக்கும்? ஒரு கையால் மாத்திரை, மறு கையால் இரவு ஷிப்டா என்று நாம் கேட்கிறோம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஏற்றுள்ளது. ஊனமுற்ற ஊழியருக்கு அரசு நிறுவனங்கள் தக்க வசதி செய்து தரவேண்டும் என்கிறது. தனியார் ஆலைகளிலும் அந்த நீதி வரவேண்டும். மருத்துவர் சீட்டுடன் வருபவருக்கு நிலையான பகல் ஷிப்டு! இதைச் சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.

தோழர்களே! உறக்கமிழந்த தோழனைக் கேலி செய்யாதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குணமாகிவிட்டது என்று அவன் மருந்தைத் தானே நிறுத்தப் போனால் தடுத்துப் பேசுங்கள். எட்டு மணி நேர வேலைக்குப் போராடிய வர்க்கம், உறங்கும் இரவுக்கும் போராடட்டும்!