காற்றுக்கு வழி விடுங்கள்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் சர்வர் அறைகளுக்கான கோரிக்கைச் சாசனம்

மாவட்ட நிர்வாகம், எல்காட் நிறுவனம், பொதுப்பணித் துறையின் கட்டட, மின் பிரிவுகள், நகராட்சிகள், வங்கிகள், மருத்துவமனைகள், கேபிள் டிவி கன்ட்ரோல் ரூம் நடத்துபவர்கள் எல்லோருக்கும், உங்கள் சர்வர் ராக்குகளைப் பராமரிக்கும் நாங்கள் எழுதுவது.

வருசநாட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து ஆண்டிபட்டிக்குச் சான்றிதழ் வாங்க வந்தவரிடம் "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று சொன்னால் அன்றைய கூலி போச்சு. மறுநாள் வந்தால் அந்தக் கூலியும் போச்சு. சர்வர் நிற்பதற்கெல்லாம் அறையின் சூடுதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. சென்னையில் கோளாறு இருக்கலாம், வழியில் கேபிள் அறுந்திருக்கலாம். அவற்றை நாம் இங்கிருந்து சரிசெய்ய முடியாது. நம் ஊர்க் கட்டடத்துக்குள் இருக்கும் சின்ன சர்வர் அறையைச் சரிசெய்ய முடியும்.

ஒரு அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறோம், பெயர் வேண்டாம். ஞாயிறு இரவு கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. யூபிஎஸ் இருந்ததால் சர்வர் நிற்கவில்லை. ஏசிக்கு யூபிஎஸ் இணைப்பு இல்லை. அதுவோ ரிமோட்டை அமுக்கினால்தான் மறுபடி ஓடுகிற வகை. ரிமோட் மேசை டிராயரில் பூட்டிக் கிடந்தது. திங்கள் காலை கதவைத் திறந்தால் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் போனது போல முகத்தில் அடித்தது. ராக்கின் பின்கதவைத் தொட முடியவில்லை. ஹார்டு டிஸ்க் ஒன்று செத்திருந்தது. உடனே இரண்டாவது ஏசி வாங்கினார்கள். அடுத்த மே மாதமும் சூட்டு அலாரம் அடித்தது. ராக்கின் முதுகு சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நின்றது. முன்பக்கம் பழைய பிரிண்டர் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. குளிர்ந்த காற்று உள்ளே நுழையவும் வழியில்லை, சூடு வெளியேறவும் வழியில்லை. இரண்டு ஏசியும் சேர்ந்து சுவரைத்தான் குளிர வைத்தன.

போடி மலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சூடான காற்று தட்டுகளுக்கு நடுவே ஏறி, ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறாவிட்டால், எத்தனை விறகு எரித்தாலும் காயின் பச்சை நிறம் நிற்காது. அதனால் அடுப்பைவிடக் காற்றுப் பாதையில்தான் அவர்களுக்குக் கண். அந்தக் காய் இன்று விலைபோவது போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்தில். அந்த ஏலமும் சர்வரில்தான் ஓடுகிறது. காயை உலர்த்துவதில் காட்டுகிற அக்கறையைச் சர்வர் அறைக்கும் காட்டுங்கள் என்கிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: புது ஏசிக்கு டெண்டர் விடுவதற்கு முன் அறையின் காற்றோட்டத்தைச் சோதிக்க வேண்டும். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், 1 கிலோவாட் இழுக்கும் சர்வருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 175 கன அடி காற்று வேண்டும். ஒரு டன் ஏசி ஏறத்தாழ 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும் என்ற கணக்கைப் பார்த்து ஏசி வாங்குகிறார்கள். கன அடிக் கணக்கை யாரும் போடுவதில்லை. முன்னாலிருந்து அந்தக் காற்று கிடைக்காவிட்டால், சர்வர் தன் முதுகு வழியே விட்ட சூட்டையே திரும்ப உறிஞ்சும். ஆகவே ராக்கின் முன்னும் பின்னும் ஆள் நின்று வேலை பார்க்க இடம் வேண்டும். ஒரு வரிசையின் முதுகுச் சூடு அடுத்த வரிசையின் முகத்தில் அடிக்காதபடி, முகத்துக்கு முகம் பார்க்க வையுங்கள். ஏசிக் காற்று முகப்பக்கம் இறங்கட்டும். ராக்கில் காலியாக இருக்கும் தட்டுகளை மூடுதகடு போட்டு அடையுங்கள். ஏசி விலையோடு பார்த்தால் தகட்டின் விலை ஒன்றுமே இல்லை. ஆனாலும் நாங்கள் திறந்து பார்க்கும் ராக்குகளில் அநேகமாக அது இருப்பதில்லை.

அடுத்தது, அளவு. ஏசியில் 16 என்று எரிவதைப் பார்த்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம். ராக்கின் முகத்தில் கீழே, நடுவே, உச்சியில் மூன்று வெப்பமானி மாட்டித் தாருங்கள். சர்வர் உறிஞ்சும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கலாம் என்பது குளிரூட்டல் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. உச்சியில் இருக்கும் சர்வர்தான் முதலில் வேகும். பாதை சரியாக இருந்தால் 24-ல் வைத்தாலே போதும், கரண்ட் பில்லும் குறையும்.

ஆனி, ஆடியில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் மேல்காற்று எல்லோருக்கும் தெரிந்தது. அவுட்டோர் யூனிட்டின் ஃபேனை மேற்கே பார்க்க வைத்தால், அது சூட்டை வெளியே தள்ள அந்தக் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். திசை மாற்றி வையுங்கள். மூடிய பால்கனிக்குள் வைக்காதீர்கள். வெளியே குளுகுளு என்று இருக்கிறதே என ஜன்னலைத் திறந்து விடுவதும் வேண்டாம். அந்தக் காற்றோடு வரும் செம்மண் தூசி சர்வர் ஃபேனில் பிசின் போல ஒட்டிவிடும். ஏசி ஃபில்டரைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவ ஆள் வேண்டும், கழுவிய தேதியைக் கதவில் எழுதியும் வைக்க வேண்டும்.

யூபிஎஸ் பேட்டரிகளுக்குக் காற்றோட்டமுள்ள தனி இடம் கொடுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8, 10 டிகிரிக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகும்.

கரண்ட் வந்ததும் தானாக ஓடும் ஏசிகளை மட்டுமே சர்வர் அறைக்கு வாங்க வேண்டும். இரண்டு ஏசி இருந்தால் மாற்றி மாற்றி ஓட டைமர் மாட்டுங்கள். சூடு 30 டிகிரியைத் தாண்டினால் செல்போனுக்குச் செய்தி போக வேண்டும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று நல்லெண்ணத்தில் மாலை ஆறு மணிக்கு ஏசியை அணைக்கும் காவலரைத் திட்டாதீர்கள். சர்வர் ராத்திரியும் ஓடுகிறது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ரிமோட்டைச் சுவரில் மாட்டி, எந்த நேரமும் கூப்பிடக்கூடிய எங்கள் எண்ணை அதற்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

தகடும் வெப்பமானியும் இடமாற்றமும் வருகிற சித்திரைக்கு முன் முடிய வேண்டும். அட்டைப்பெட்டிகளை இந்த வாரமே வெளியே எடுங்கள். தூக்கி வைக்க நாங்கள் வருகிறோம்.