வெள்ளம் வந்தால் கணக்கு தப்புமா? கிளவுடுக்கு மாறும் வட சென்னை சிறு நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையை வட சென்னை மறந்திருக்காது. எர்ணாவூர், திருவொற்றியூர், மணலி பக்கம் வெள்ளம் மட்டும் வரவில்லை. மணலி தொழிற்பகுதியில் இருந்து கசிந்த எண்ணெயும் சேர்ந்து வந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. பல இடங்களில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் நாள்கணக்கில் இல்லை.

இந்தப் பகுதியில் ஒரு சிறு நிறுவனத்தின் 'ஐடி சிஸ்டம்' என்றால் பெரும்பாலும் இதுதான்: தரைத்தளத்தில் ஒரு மேஜை, அதன் கீழே ஒரு சிபியு, அதற்குள் டேலி. பேக்கப் என்பது அதே மேஜையின் டிராயரில் கிடக்கும் பென் டிரைவ். இடுப்பளவு தண்ணீர் வந்தால் இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.

2015 வெள்ளம், 2016 வர்தா புயல், 2023 மிக்ஜாம் என்று டிசம்பர் மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கும் முதலாளியிடம், "எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடுங்க, தலைவலி இல்ல" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டத்தான் தோன்றும். ஆனால் உண்மையிலேயே தலைவலி இல்லையா? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? மாற்றிய பிறகு சாவி யார் கையில் இருக்கும்?

கணக்கு தொலைந்தால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் போனால் புதிது வாங்கிக்கொள்ளலாம். உள்ளே இருந்த ஆவணங்களுக்குச் சட்டமே ஆயுள் நிர்ணயித்திருக்கிறது. ராயபுரம், மண்ணடி, பாரிமுனை வட்டாரத்தில் துறைமுகச் சரக்குகளுக்கு அனுமதி வாங்கித் தரும் சுங்கத் தரகர்கள், 2018-ம் ஆண்டின் உரிம விதிமுறைகள்படி தங்கள் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தில், ஆண்டுக் கணக்கு தாக்கலுக்கான கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள். பிரைவேட் லிமிடெட் ஆகப் பதிவான நிறுவனம் என்றால் 8 நிதியாண்டுகள்.

கம்பெனிகளுக்கு இன்னொரு விதியும் உண்டு. கணக்குப் புத்தகங்களை மின்னணு வடிவில் வைத்திருந்தால், அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும். 2022-ல் வந்த திருத்தம் இது. வாரத்துக்கு ஒருமுறை பென் டிரைவில் காப்பி போடுவது இங்கே செல்லாது.

கிளவுட் என்பது எங்கே இருக்கிறது?

பெயர்தான் மேகம். உண்மையில் அது இன்னொருவருடைய கட்டடத்தில் ஓடும் கம்ப்யூட்டர். அந்தக் கட்டடம் சென்னையிலேயே இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் அஸூரின் 'சவுத் இந்தியா' மண்டலம் சென்னையில் உள்ளது. ஸோஹோவின் இந்திய டேட்டா சென்டர்கள் மும்பையிலும் சென்னையிலும் இருக்கின்றன. அமேசான் மும்பையிலும் ஹைதராபாத்திலும் வைத்திருக்கிறது.

பெரிய டேட்டா சென்டர்கள் ஜெனரேட்டர், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் சேர்த்துக் கட்டப்பட்டவை. திருவொற்றியூர் தரைத்தள அலுவலகத்தோடு ஒப்பிடவே முடியாது. இருந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: 'முதல் பிரதி சென்னையில் என்றால், இரண்டாவது பிரதி எந்த ஊரில்?' ஒரே ஊர் என்று பதில் வந்தால், டிராயரில் பென் டிரைவ் வைத்த அதே தவறைத்தான் பெரிய அளவில் செய்கிறோம்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பிரவுசரில் திறந்து பயன்படுத்தும் மென்பொருளுக்கே மாறிவிடுவது. மின்னஞ்சல், ஸ்கேன் செய்த ஆவணங்கள், இணையவழி கணக்கு மென்பொருள் எல்லாம் இதில் வரும். சர்வர் பராமரிப்பு நம் வேலை இல்லை.

இரண்டாவது, இப்போது இருக்கும் டேலியை அப்படியே வாடகை சர்வரில் ஏற்றுவது. பழகிய திரை, பழகிய ஷார்ட்கட் என்பதால் கணக்காளர் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் அந்த சர்வரின் பாதுகாப்பையும் பேக்கப்பையும் யார் பார்த்துக்கொள்கிறார் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்றாவது, வேலை அலுவலகத்திலேயே நடக்கட்டும், பேக்கப் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும் என்பது. மிகச் சிறிய நிறுவனங்களுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

சில சிஸ்டங்கள் இடத்தை விட்டு நகரவே கூடாது. எண்ணூர், மணலி கன்டெய்னர் யார்டு ஒன்றில் எடை மேடையோடு இணைந்த கம்ப்யூட்டர், இணையம் இல்லாத நேரத்திலும் எடைச் சீட்டு அடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெளியே லாரி வரிசை கட்டும். பட்டறையில் சிஎன்சி இயந்திரத்தை இயக்கும் கம்ப்யூட்டரும் அப்படியே. இவற்றின் ஃபைல்களுக்கு வெளியே ஒரு பிரதி இருந்தால் போதும்.

இணையம் நின்றால் வேலையும் நிற்குமே?

நியாயமான பயம்தான். ஆனால் பாதி வேலை ஏற்கெனவே இணையத்தை நம்பித்தான் ஓடுகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். இ-வே பில், சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில் தாக்கல் எல்லாமே இணையத்தில்தான். ஆகவே கிளவுட் மாற்றத்துக்கு முன்பே இரண்டு இணைப்புகள் தேவை: ஒரு நிறுவனத்தின் ஃபைபர், வேறொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டா. மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 200 ஜிபி பழைய ஆவணங்களை, விநாடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் ஏற்ற இடைவிடாமல் சுமார் 22 மணி நேரம் ஆகும். வேகம் 5 மெகாபிட் என்றால் கிட்டத்தட்ட 4 நாள். விற்பனையாளர் சொல்லும் வேகம் பெரும்பாலும் டவுன்லோடு வேகம். அப்லோடு எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் திரும்ப இறக்கவும் இப்படி நேரம் பிடிக்கும்.

கப்பல் உலகம் கற்ற பாடம்

துறைமுகத் தொழிலில் இருப்பவர்களுக்கு மெர்ஸ்க் பெயர் தெரியாமல் இருக்காது. 2017 ஜூன் 27 அன்று அந்த டென்மார்க் கப்பல் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க முடங்கின. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையமும் தப்பவில்லை. 'நாட்பெட்யா' என்ற அந்தத் தீநிரல், உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவியது. மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் முக்கிய சர்வர்களின் பிரதிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால், எல்லாம் சேர்ந்தே அழிந்தன. தப்பியது ஒன்றே ஒன்று. அது ஆப்பிரிக்காவின் கானா அலுவலகத்தில் இருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரன்ட் கட்! அதை இணையத்தில் அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும் என்பதால், பிரிட்டனுக்கு ஆள் மூலமாக விமானத்தில் எடுத்துச் சென்றார்கள்.

சின்ன அலுவலகத்துக்கும் இதே விதிதான். கம்ப்யூட்டரோடு 'சிங்க்' ஆகிக்கொண்டே இருக்கும் டிரைவ் ஃபோல்டர், பேக்கப் ஆகாது. இங்கே ரான்சம்வேர் ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களே மேலேயும் போய் உட்காரும். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி இருக்க வேண்டும். அதோடு, எதிலும் இணைக்காத ஒரு ஹார்ட் டிஸ்க், முதலாளி வீட்டு மாடியில் இருக்கட்டும்.

சாவி யார் கையில்?

தண்ணீர் பயம் போன பிறகு வரும் புதிய பயம் இதுதான். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கூகுள் கிளவுட் கணக்கு, ஓர் அமைப்புப் பிழையால் அழிந்தது. இரண்டு இடங்களில் இருந்த பிரதிகளும் சேர்ந்தே போயின. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களால் ஒரு வாரத்துக்குத் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீட்புக்குக் கைகொடுத்தது, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்.

2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து இந்தியாவின் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேவைகள் நிறுத்தப்பட்டன. அந்நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சில நாளில் சேவை திரும்பியது. ராயபுரத்தில் ஐந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகம் அப்படி வழக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா?

உள்ளூரில் இந்த ஆபத்து இன்னும் சாதாரணமான உருவத்தில் வரும். கிளவுட் கணக்கைத் திறந்து கொடுத்த சர்வீஸ் ஆள், தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார். அல்லது ஓடிபி வரும் எண், வேலையை விட்டுப் போன கணக்காளருடையதாக இருக்கும். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் நுழைய எல்லோருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். ஒரு போன் தண்ணீரில் விழுந்தால் லாரி கிளம்பாது. ஆகவே நிர்வாகக் கணக்கு நிறுவனத்தின் பெயரிலும், ஓடிபி குறைந்தது இரண்டு பொறுப்பான ஆட்களிடமும் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்களும் இந்த ஃபோல்டர்களில்தான் கிடக்கின்றன. 2023-ம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு அமலாகும். தரவை வேறொருவர் சர்வரில் வைத்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதுதான். 'கிளவுட் கம்பெனிதான் பார்த்துக்கணும்' என்று கைகாட்டிவிட முடியாது.

செலவு எவ்வளவு?

சர்வர் வாங்கினால் ஒரே தடவை பெரிய தொகை. கிளவுட் என்றால் மாதச் சந்தா. ஒரு மாதிரிக் கணக்கு: ஓர் ஆளுக்கு மாதம் 500 ரூபாய், 8 பேர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 48,000 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 56,640. ஐந்து ஆண்டுகளுக்கு 2,83,200 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வரியைப் பொதுவாக உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம்.

இதைப் புது சர்வர், யுபிஎஸ், சர்வீஸ் ஆள் கூலி ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும். சந்தாவை நிறுத்தினால் சேவை நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சரக்குக் கட்டணம் கைக்கு வர மூன்று மாதம் ஆகும் தொழிலில், இந்தச் சந்தாவை வாடகை, கரன்ட் பில் வரிசையில் வைக்க வேண்டும். விலகும்போது மொத்தத் தரவையும் எந்த வடிவில், எத்தனை நாளுக்குள், என்ன கட்டணத்தில் தருவார்கள் என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

எப்போது மாற்றலாம்?

ஏப்ரல் வசதியானது. பழைய நிதியாண்டின் இருப்பை எடுத்துக்கொண்டு புதுக் கணக்கைத் தொடங்கலாம். மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள் 11, 20 தேதிகளை ஒட்டிய நாள்களைத் தவிர்க்க வேண்டும். ஒரு மாதமாவது பழையதும் புதியதும் இணையாக ஓடட்டும். இரண்டிலும் பாக்கித் தொகைகள் ஒத்துப்போன பிறகே பழையதை நிறுத்தலாம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே சோதனைதான். ஒரு சனிக்கிழமை மதியம் அலுவலக கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, வேறு இடத்தில் வேறு லேப்டாப்பில் போன மாதக் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் சரி. திறக்காவிட்டால் பேக்கப் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு பல வீடுகளில் ஐடி வேலையில் இருக்கும் பிள்ளையிடம்தான் வந்து நிற்கும். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, பாத்து சொல்லுப்பா" என்பார் கிளியரிங் ஆபீஸ் நடத்தும் சித்தப்பா. எந்தக் கம்பெனியின் கிளவுட் நல்லது என்பது அப்புறம். சித்தப்பாவிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: அட்மின் பாஸ்வேர்டு இப்ப யார்கிட்ட இருக்கு?