பந்தயமும் பிராணவாயுவும்

2030-ம் வருஷத்துக் காமன்வெல்த் விளையாட்டுப் பந்தயங்களை அகமதாபாத் நகரில் நடத்துவதென்று, 2025 நவம்பரில் கிளாஸ்கோவில் கூடிய மகாநாடு தீர்மானித்தது. 2036-ம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயங்களையும் நமது தேசத்திலேயே நடத்த விரும்புவதாக இந்திய ஒலிம்பிக் சங்கத்தார் 2024-லேயே எழுதியிருக்கின்றனர். இவ்வாசையை நாம் குறை கூறவில்லை. நூற்று நாற்பது கோடி ஜனங்கள் வாழும் தேசம் உலகத்தாரை விருந்துக்கு அழைப்பதில் தவறென்ன? ஆனால் இதையொட்டி நடக்கும் பேச்சுக்களிலெல்லாம் மைதானத்தின் விஸ்தீரணம், ஆசனங்களின் தொகை, புதிய ரஸ்தாக்கள், செலவாகும் கோடிகள் ஆகியவையே அடிபடுகின்றன. ஓடுகிறவர்கள் எந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு ஓடப் போகிறார்கள் என்ற கேள்வியை எழுப்புவோர் அரிதாயிருக்கின்றனர். எழுப்புவோரையும் தேசத்தின் கௌரவத்துக்குப் பங்கம் தேடுவோர் போலப் பார்க்கும் மனோபாவம் சிலரிடம் காணப்படுகிறது.

இந்த மனோபாவம் எவ்வளவு பிசகானது என்பதற்கு 2017-ல் டெல்லியில் நடந்த சம்பவமே போதும். அவ்வருஷம் டிசம்பர் 3-ந் தேதி, பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மூன்றாவது டெஸ்ட் ஆட்டம் இரண்டாம் நாளாக நடந்துகொண்டிருந்தது. பகலுணவுக்குப் பின் இலங்கை வீரர்கள் முகமூடி அணிந்து களத்திலிறங்கினர். ஆட்டம் பதினேழு நிமிஷம் நின்றது. பந்து வீசிக்கொண்டிருந்த லகிரு கமகேயும் சுரங்க லக்மாலும் மூச்சுத் திணறி வெளியேறினர். இந்தியா 7 விக்கெட்டுக்கு 536 ஓட்டங்களுடன் தனது இன்னிங்ஸை முடித்துக்கொண்டது. அரங்கிலிருந்தோர் சிலர் விருந்தினரைக் கேலி செய்தனர். தோல்விக்கு அஞ்சிப் போடும் நாடகம் என்றும் பேச்செழுந்தது. இரண்டு நாள் கழித்து லக்மால் களத்திலேயே வாந்தியெடுத்தார். அதே நாளில் நமது பந்து வீச்சாளர் முகம்மது ஷமியும் வாந்தியெடுத்தார் என்பதைக் கேலி செய்தவர்கள் சௌகரியமாக மறந்துவிட்டனர். நாடகம் என்ற வாதமும் நிற்கவில்லை. இறுதி நாளில் தனஞ்சய டி சில்வா 119 ஓட்டங்கள் எடுக்க, ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

அக்காலத்தில் சொல்லப்பட்ட ஒரு வாதத்தை மட்டும் நாம் இங்கே ஆராய விரும்புகிறோம். அரங்கில் அமர்ந்திருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இல்லாத தொல்லை இவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்கப்பட்டது. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும் இக்கேள்விக்குச் சரீர சாஸ்திரம் தெளிவான விடையளிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறான். கடும் ஓட்டத்தில் அதுவே நூறு லிட்டரைத் தாண்டும். தேர்ந்த வீரர்களிடம் நூற்றைம்பதையும் கடக்கும். அதுமட்டுமன்று. அமைதியாயிருக்கையில் மூக்கினால் மூச்சு விடுகிறோம். மூக்கிலுள்ள ரோமமும் ஈரமும் தூசியில் ஒரு பங்கையாவது தடுத்து நிறுத்துகின்றன. ஓடுகிறவனுக்கு மூக்குத் துவாரம் போதாது; வாயைத் திறந்து இழுக்கிறான். அந்த வேகத்தில் காற்றிலுள்ளதெல்லாம் நுரையீரலின் ஆழம் வரையில் செல்லுகிறது. நான்கு மணி நேரத்தில் மராத்தானை முடிக்கும் சாதாரண ஓட்டக்காரர் ஒருவர் நிமிஷத்துக்கு அறுபது லிட்டர் வீதம் இழுத்தாலும் 14,400 லிட்டராகிறது. வீட்டிலே படுத்திருப்பவர் ஒரு நாள் முழுவதும் இழுப்பது சுமார் பதினாயிரம் லிட்டர்தான். ஆகவே பார்க்க வந்தவரும் பந்து வீசுகிறவரும் ஒரே காற்றின் கீழ் இருந்தார்களேயன்றி, ஒரே அளவு நஞ்சை உட்கொள்ளவில்லை.

நுரையீரலைப் பற்றி நம்மவரிடையே நிலவும் ஒரு தப்பெண்ணத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓடி ஓடிப் பழகினால் புஜத்தைப் போல நுரையீரலும் பருத்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். இருதயம் பழக்கத்தால் பெருக்கும், ரத்தம் பெருகும், தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பல்கும், மூச்சிழுக்கும் தசைகளும் உறுதிப்படும். ஆனால் வயது வந்தவனுடைய நுரையீரல் தேகாப்பியாசத்தால் பெரும்பாலும் வளர்வதில்லை. சிறு வயது முதல் நீந்திப் பழகியவர்களிடம் ஓரளவு வித்தியாசம் காணப்படுவதை விலக்காகக் கொள்ளலாம். சாதாரண மனிதனுக்கு இதனால் குறைவில்லை. அவன் ஓட்டத்தில் களைப்பது பெரும்பாலும் நுரையீரல் போதாமையால் அன்று. இருதயம் போதுமான ரத்தத்தை அனுப்ப இயலாமையாலேயே. தேர்ந்த வீரரின் விஷயமோ வேறு. அவருடைய பெருத்த இருதயம் ரத்தத்தை அவ்வளவு வேகமாகத் தள்ளுவதால், அது நுரையீரலைக் கடக்கும் கணப்பொழுதில் பிராணவாயுவை முழுவதும் ஏற்றுக்கொள்ள இயலாமற் போவதுண்டு. மூச்சுத் தசைகளே உடலின் ரத்த ஓட்டத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கைக் கேட்கும் நிலையும் உச்சகட்டத்தில் ஏற்படுகிறது. அப்பங்கு கால்களுக்குச் சேர வேண்டியதிலிருந்தே கழிகிறது. அதாவது, மேல் நிலைக்குச் செல்லச் செல்ல, பழக்கத்தால் வளராத அவயவமே எல்லை கட்டுகிறது. சடுகுடுவில் மூச்சுப் பிடித்துப் பாடிச் சென்ற நமது முன்னோர்களும், தம் அற்றவன் திரும்ப முடியாது என்பதை மைதானத்திலேயே கற்றவர்கள்தாம்.

காற்று மாறினால் பந்தயத்தின் முடிவே மாறும் என்பதற்கு 1968-ல் நடந்த மெக்ஸிகோ நகர ஒலிம்பிக் பந்தயங்கள் சாட்சி. அந்நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் சுமார் முக்கால் பங்கே. பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனையாளரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். முதல் மூன்று இடங்களையும் கென்யா, எத்தியோப்பியா, டுனீஷியா நாட்டு வீரர்கள் பெற்றனர். முதல் இருவரும் மேட்டு நிலத்து வாசிகள். அதே மெல்லிய காற்றில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியதையும் மறுப்பதற்கில்லை. கணநேரத்து முயற்சிக்கு மூச்சின் தேவை சொற்பம்.

மெக்ஸிகோவில் இருந்தது இயற்கையின் குறை. அழுக்கடைந்த காற்றோ மனிதன் செய்த குறை. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், முந்திய ஒலிம்பிக்கின் 800 மீட்டர் வெற்றி வீரரான ஸ்டீவ் ஓவெட், அதே பந்தயத்தின் முடிவில் சுவாசக் கோளாறினால் விழுந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்பட்டார். 2008-ல் பெய்ஜிங் பந்தயங்களுக்கு முன்னர், ஆஸ்துமா உள்ள எத்தியோப்பிய வீரர் ஹெய்லே கெப்ரசெலாசி, அந்நகரத்துக் காற்றுக்கு அஞ்சி மராத்தானில் கலந்துகொள்ள மறுத்தார். அடுத்த மாதமே பெர்லின் நகரில் 2 மணி 3 நிமிஷம் 59 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். பெய்ஜிங் மராத்தான் நடந்த தினத்தில் காற்று எதிர்பார்த்ததைக் காட்டிலும் நன்றாகவே இருந்தது என்பதும் உண்மை. மோட்டார் வண்டிகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டச் செய்தும், தொழிற்சாலைகளை மூடியும் சீன சர்க்கார் அதைச் சாதித்தனர்.

இந்த பெய்ஜிங் உதாரணத்தையே நமது ஆட்களும் எடுத்துக்காட்டக் கூடும் என்று அஞ்சுகிறோம். பந்தயத்துக்கு இரு மாதம் முன்பு ஆலைகளை மூடலாம், வண்டிகளை நிறுத்தலாம், விருந்தினர் சென்றபின் பழையபடி திறந்துகொள்ளலாம். இதன் பலன் என்ன என்பதையும் பெய்ஜிங்கே காட்டியது. 125 இளம் வைத்தியர்களின் ரத்தத்தைப் பந்தயத்துக்கு முன்னும், நடுவிலும், பின்னும் பரிசோதித்தார்கள். காற்று தெளிந்த வாரங்களில் அழற்சியையும் ரத்தம் உறைதலையும் காட்டும் குறிகளிற் சில குறைந்தன. ஆலைகள் திறந்ததும் அவற்றிற் பல மறுபடி ஏறின. 2014 அக்டோபரில் அதே நகரத்து மராத்தானில் அநேகர் முகமூடியுடன் ஓடினர். அதற்கு முந்திய வருஷம் முதல் தொடர்ந்து எடுத்துவரும் நடவடிக்கைகளாலேயே அங்கே காற்று மெய்யாகத் தெளிந்து வருகிறது. வந்தவர்களுக்காகக் கூட்டிய வீட்டில் மறுநாள் மீண்டும் குப்பை சேருவதில் ஆச்சரியமில்லை.

நமது முக்கியமான ஆக்ஷேபம் இதனினும் ஆழமானது. நுரையீரல் வயது வந்தபின் வளருவதில்லை என்றோம். அப்படியானால் அது எப்பொழுது வளருகிறது? பிறந்தது முதல் பதினெட்டு, இருபது வயது வரையில். அக்காலத்தில் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறதோ அதற்கேற்ப அமைகிறது. தெற்குக் கலிபோர்னியாவில் பன்னிரண்டு ஊர்களைச் சேர்ந்த 1,759 பிள்ளைகளைப் பத்து வயது முதல் பதினெட்டு வயது வரையில் பின்தொடர்ந்து மூச்சின் வலிமையை அளந்து, 2004-ல் முடிவை வெளியிட்டனர். நுண்தூசி மிகக் குறைந்த ஊரில் நூற்றுக்கு 1.6 பேருக்கே மூச்சு வலிமை குறைந்திருந்தது. மிகுந்த ஊரில் 7.9 பேருக்கு. சட்டங்களினால் அங்கே காற்று தெளிந்தபின் வளர்ந்த பிள்ளைகளிடம் இக்குறை பாதிக்கும் கீழாக இறங்கியதை 2015-ல் அதே ஆராய்ச்சியாளர் கண்டனர். சீர்கேடு விதியின் செயலன்று என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமோ?

அந்த ஆராய்ச்சியிலே நம்மைத் திடுக்கிடச் செய்த பகுதி ஒன்றுண்டு. ஓஸோன் வாயு மிகுந்த ஊர்களில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டுக்களில் ஈடுபட்ட பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா தோன்றும் அபாயம், விளையாடாத பிள்ளைகளைவிட மும்மடங்குக்கு மேல் இருந்தது. தூய ஊர்களில் அத்தகைய வித்தியாசம் காணப்படவில்லை. எந்தப் பிள்ளை நாளைக்குத் தேசத்தின் பதக்கத்தைக் கொண்டு வரக்கூடுமோ, அந்தப் பிள்ளையையே கெட்ட காற்று தேடிப் பிடிக்கிறது என்பதே இதன் பொருள். இதைக் கேட்டு எவரும் பிள்ளைகளை வீட்டிலடைக்க வேண்டாம்; விளையாடாத உடம்புக்கு வரும் கேடுகள் வேறு.

2026-ல் பத்து வயதான சிறுவனுக்கு 2036-ல் இருபது வயது. நமது ஒலிம்பிக் வீரர்கள் இப்பொழுது டெல்லியிலும் கான்பூரிலும் லூதியானாவிலும் பள்ளிக்கூட மைதானங்களில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கின்றனர். நமது மாகாணத்திலும் இல்லாமலில்லை. எண்ணூர் அனல் மின் நிலையங்களும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் சூழ்ந்த வடசென்னைதான் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் தந்து வருகிறது. போகிப் புகையினால் 2018-ல் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் காத்துக் கிடந்ததையும் நாம் பார்த்தோம். விமானத்துக்குக் காத்திருக்க இடமுண்டு. வளரும் நுரையீரலுக்கு இல்லை.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2019-ல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 131 நகரங்கள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆனால் வருஷ சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாமென்று நமது விதி கூறுகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வகுத்த அளவோ 5. நமது தளர்ந்த வரம்பையே எட்டாத நகரங்கள் பல இருக்கையில், வரம்பை இறுக்குவதைப் பற்றிப் பேசவும் கூச்சமாயிருக்கிறது.

நமது வீரர்கள் இந்தக் காற்றிலேயே பழகி வெற்றி பெறவில்லையா என்று சிலர் வினவுகின்றனர். மேட்டு நிலத்தின் மெல்லிய காற்றுக்கு உடல் பழகும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். புகைக்கு அப்படிப்பட்ட பழக்கம் கிடையாது. இருமல் குறைவதைப் பழக்கம் என்று எண்ணுகிறோம். உள்ளே நடக்கும் சேதம் குறைவதில்லை. 2026 ஜனவரியில் டென்மார்க்கின் பாட்மின்டன் வீரர் ஆண்டர்ஸ் ஆண்டன்சன் டெல்லிக் காற்றைக் காரணங்காட்டி இந்திய ஓபன் பந்தயத்திலிருந்து விலகினார். 5,000 டாலர் அபராதமும் ஏற்றார். அவரால் அபராதங் கட்டி விலக முடிந்தது. டெல்லியிலேயே பிறந்து பயிலும் பெண் எங்கே விலகுவாள்?

செய்ய வேண்டியவற்றில் சில உடனே செய்யத் தக்கவை. விளையாட்டு விடுதிகளிலும் பயிற்சிப் பள்ளிகளிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷத்துக்கொரு முறை மூச்சளவு எடுத்துக் குறித்து வைக்கலாம். அதற்குரிய கருவி விலையுயர்ந்ததன்று. வட இந்தியாவில் பனிக்கால விடியற்பொழுதில்தான் குளிர்ந்த காற்று புகையைத் தரையோடு அமுக்கி வைக்கிறது. நமது பயிற்சியாளர்களோ அருணோதயத்துக்கு முன்பே பிள்ளைகளை ஓடவிடுவதைப் புண்ணியமாகக் கருதுகின்றனர். அம்மாதங்களில் வெயிலேறிய பின் பயிற்சி வைக்க உத்தரவிடுவதற்கு ஒரு காசும் செலவில்லை. காற்று எந்த அளவைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்துவதென்று, வெளிச்சக் குறைவுக்கும் மழைக்கும் இருப்பது போலத் திட்டமான விதியொன்றைக் கிரிக்கெட் வாரியம் வகுத்தாக வேண்டும். 2025 டிசம்பர் 17-ந் தேதி லக்னோவில் தென்னாப்பிரிக்காவுடன் நடக்கவிருந்த ஆட்டத்தை, இரவு வரை காத்திருந்து பார்த்து, மூடுபனி என்று சொல்லிக் கைவிட்டார்கள். அரங்கத்து ஜனங்கள் அதுவரை எதைச் சுவாசித்தார்கள் என்பதைப் பற்றிப் பேச்சில்லை.

ஆலைப் புகையையும் வண்டிப் புகையையும் குறைக்கும் பெரிய காரியம் மீதியிருக்கிறது. அகமதாபாத் பந்தயங்களுக்கென்று அமையும் கமிட்டியார், தங்கள் மைதானத்தில் மட்டுமன்றிப் பயிற்சி பெறும் பிள்ளைகளின் பள்ளிக்கூட மைதானங்களிலும் காற்றை அளந்து, அக்கணக்கை மாதந்தோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டுமென்று நாம் கேட்கிறோம். மைதானக் கட்டடத்துக்கு ஒதுக்கும் தொகையோடு இதற்கென எவ்வளவு ஒதுக்கப்படுகிறதென்பதை வரப்போகும் வரவு செலவுத் திட்டங்களில் நாம் கவனித்து வருவோம்.