கியாந்தியின் வெள்ளைச் சாலைகளும் அவற்றின் அமைதியும்

இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகருக்கும் சியேனா நகருக்கும் இடைப்பட்ட கியாந்தி மலைப்பகுதியைப் பற்றி மிதிவண்டிப் பயணிகள் எழுதும் குறிப்புகளில் ஒரு சொல் தவறாது இடம்பெறுகிறது: அமைதி. கயோலேயிலிருந்து ரட்டாவுக்கு ஏறும் சாலையில், வேலைநாள் காலையொன்றில் எதிர்ப்படும் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சங்கிலியின் ஓசையும் ஏறுபவரின் மூச்சும் மட்டுமே காதில் விழும். வளைவுக்கு வளைவு திராட்சைத் தோட்டமும் ஓக் காடும் மாறி மாறி வரும். இந்த வருணனையில் பொய் ஏதுமில்லை. ஆனால் அந்த அமைதியை மலையின் பிறவிக்குணமாக, மண்ணின் நிறத்தைப் போலவும் காற்றின் குளிர்ச்சியைப் போலவும் இயற்கை வழங்கியதாகக் கொள்ளும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. கியாந்தி அமைதியின் வயது ஒரு மனித ஆயுளைத் தாண்டாது. அது எவர் வெளியேறியதால் வந்தது என்பதும் மறைந்துபோன செய்தியன்று.

நிலவமைப்பிலிருந்து தொடங்கலாம். கியாந்தி கிளாசிக்கோ என்ற பெயரில் ஒயின் செய்ய உரிமை பெற்ற எல்லைக்குள் ஏறத்தாழ 70,000 ஹெக்டேர் நிலம் உள்ளது. அதில் அந்த ஒயினுக்கான திராட்சை விளைவது பத்தில் ஒரு பங்கில் மட்டுமே. பாதிக்கு மேல் காடு. ஊர்களிற் பல முகடுகளில் அமர்ந்திருக்கின்றன. ரட்டா கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உள்ளது. ஒரு முகட்டிலிருந்து அடுத்ததற்குச் செல்ல, சாலை ஓடை வரை இறங்கி மறுபடி ஏறியாக வேண்டும். மிதிப்பவரின் தொடைகள் இதை நன்கறியும்: ஆல்ப்ஸில் உள்ளதைப் போன்ற நெடிய ஏற்றம் ஒன்றுகூட இராது, ஓய்வு தரும் சமதளமும் இராது. விரைந்து ஓரிடம் சேர வேண்டிய எவரும் இவ்வழியைத் தேரமாட்டார். தேர வேண்டிய கட்டாயமும் இன்றில்லை. மிலானையும் நேப்பிள்ஸையும் இணைக்கும் 'சூரிய நெடுஞ்சாலை' 1964 அக்டோபர் 4 அன்று முழுமையடைந்தது. அது கியாந்தி மலைகளுக்குக் கிழக்கே, ஆர்னோ ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே செல்கிறது. மேற்கே ஃபுளோரன்ஸ்-சியேனா விரைவுச்சாலை. லாரிகளையும் அவசரக்காரர்களையும் இவ்விரண்டும் வாங்கிக்கொண்டன. இடையிலுள்ள மலை ஒதுங்கி நின்றது.

நெடுஞ்சாலை காரணத்தின் ஒரு பகுதியே. பெரும்பகுதி நிலவுறவில் கிடக்கிறது. டஸ்கனியின் வேளாண்மை பல நூற்றாண்டுகள் 'மெட்ஸத்ரீயா' என்னும் முறையில் நடந்தது. பாதி என்ற பொருளுடைய வேரிலிருந்து கிளைத்த சொல் அது. நிலமும் வீடும் உரிமையாளருடையவை, உழைப்பு குடும்பத்தினுடையது, விளைச்சல் இருவருக்கும் பாதிப்பாதி. இதைத் தமிழில் சொல்லப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. குத்தகையிலிருந்து வாரத்தைப் பிரித்தறிந்த மொழி இது. மேல்வாரம், குடிவாரம் என்ற சொற்களை ஆவணங்களில் படித்துப் பழகியவர்களுக்கு டஸ்கனியின் பங்குப் பிரிவினை அந்நியமாகத் தோன்றாது. வாரக்குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கும் அதைச் சூழ்ந்த நிலத்துக்கும் சேர்த்துப் 'பொதேரே' என்று பெயர். பல பொதேரேக்கள் ஒரு நிலக்கிழாரின் 'ஃபத்தோரியா'வுக்குக் கட்டுப்பட்டவை. எவ்வளவு கட்டுப்பட்டவை என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: வாரக்குடும்பத்தில் ஒரு திருமணம் நடக்கவும் நிலக்கிழாரின் இசைவு வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் நிலவியது.

இன்று பயணிகள் படமெடுத்துப் போற்றும் வெள்ளைச் சாலைகள், பொதேரேயை ஃபத்தோரியாவுடனும் மாவு ஆலையுடனும் மாதாகோவிலுடனும் இணைத்த வண்டிப்பாதைகளே. சுற்றுப்புறத்தில் கிடைக்கும் சுண்ணக்கல்லை உடைத்துப் பரப்பியதால் வெண்மை பெற்றவை. அந்நாளில் அவற்றில் அமைதி குடியிருந்திருக்க முடியாது. எருது பூட்டிய வண்டிகள், ஆலைக்குச் செல்லும் கோதுமை, பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள், ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்லும் குடும்பங்கள் என்று ஆள் அரவம் நிறைந்திருந்த பாதைகள் அவை.

அந்த ஆட்கள் போனார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் சமவெளியில் தொழிற்சாலைகள் எழுந்தன. மாதச் சம்பளமும் குழாய்த் தண்ணீரும் உள்ள வாழ்வு கண்ணெதிரே தெரிந்தது. 1956 பிப்ரவரியின் கடுங்குளிர் ஒலிவ மரங்களைக் கருக்கிற்று. 1964 செப்டம்பர் 15 நாளிட்ட சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்தது. சூரிய நெடுஞ்சாலை நிறைவடைவதற்குச் சரியாகப் பத்தொன்பது நாட்களுக்கு முன்! காலத்தின் இந்தத் தற்செயலுக்குக் காரணகாரியம் கற்பிக்கத் தேவையில்லை. சட்டம் வருமுன்பே இளையோர் பலர் இறங்கிப் போயிருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற கல்வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பிறகு மிலானிலிருந்தும் இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் அவற்றை வாங்கிப் புதுப்பித்தனர். நீச்சற்குளம் பின்னால் வந்தது. இந்த வெளியேற்றத்தை அவலமாக மட்டும் பார்ப்பதும் நேர்மையாகாது. தம் மகனின் திருமணத்துக்குப் பிறரிடம் இசைவு கேட்ட வாழ்க்கையை விட்டுச் சென்றவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்த்து ஏங்கவில்லை. ஏக்கம் வந்தவர்களுடையது.

காட்சியும் அப்படித்தான். சரிவில் நேர்க்கோடாக இறங்கும் திராட்சை வரிசைகளை இடைக்காலத்தின் எச்சமாக எண்ணிப் பூரிப்பவர் பலர். வாரமுறைக் காலத்தில் அத்தகைய வரிசைகள் அரிது. அன்று திராட்சைக்கொடி மேப்பிள் மரத்தில் படர்ந்தது. மரங்களுக்கு இடையே கோதுமையும் ஒலிவமும் விளைந்தன. ஒரே நிலம் உணவு, எண்ணெய், ஒயின் மூன்றையும் தர வேண்டியிருந்தது. டிராக்டர் ஓடுவதற்கு ஏற்றபடி திராட்சை மட்டும் நட்ட தோட்டங்கள் 1960களிலும் 70களிலுமே பெருகின. ஆகவே, மிதிவண்டியில் செல்பவர் காணும் 'பழைய' டஸ்கனி, பல இடங்களில் அவருடைய தந்தையைவிட இளையது.

தமிழில் அமைதி என்ற சொல்லின் உள்ளே இந்த வரலாற்றுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. ஓசையின்மை அச்சொல்லின் முதற்பொருளன்று. அமை என்ற வினையிலிருந்து வந்தது அது. பொருந்துதல், நிலைபெறுதல், ஆக்கப்படுதல் எல்லாம் அதற்குள் அடங்கும். வழுவமைதி என்று இலக்கணம் கூறும்போது அங்கே மௌனம் பற்றிய பேச்சே இல்லை. வழுவாயினும் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதே கருத்து. கியாந்திச் சாலையின் அமைதி இந்த இரண்டாம் வகையோடும் உறவுடையது.

அமைந்த ஒன்று கலையவும் கூடும். 1990களில் வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தார் பூசப்பட்டு மறைந்துகொண்டிருந்தன. அவற்றைக் காக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஜான்கார்லோ புரோச்சி என்பவர் 1997இல் கயோலேயில் 'லெரோய்க்கா' என்ற மிதிவண்டி நிகழ்வைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 1987க்கு முன் செய்யப்பட்ட பந்தய மிதிவண்டிகளுக்கே முதன்மை இடம். கயோலேயில் புறப்பட்டுத் தெற்கே மொந்தால்சீனோ வரை சென்று திரும்பும் 209 கிலோமீட்டர் வழி ஆண்டு முழுதும் எவரும் செல்லும்படி கைகாட்டிப் பலகைகளோடு நிலைபெற்றுவிட்டது. 2007இல் அதிலிருந்தே தொழில்முறைப் பந்தயம் ஒன்றும் கிளைத்தது. 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெள்ளைச் சாலைகள், என்பதே இன்று அதன் பெயர். சரளைப்பாதை பின்தங்கிய நிலையின் அடையாளம் என்ற எண்ணத்தை மாற்றி, அதுவே ஒரு சொத்து என்று ஊராட்சிகளை நினைக்கவைத்தது இம்முயற்சி. பழைய கம்பளிச் சட்டையும் முறுக்கு மீசையுமாக வந்து நிற்கும் சிலரின் வேடம் சிரிப்பூட்டலாம். அதன் பின்னுள்ள வாதம் வலுவானது. சரளையில் எந்தக் காரும் எண்பதில் பறக்காது. வேகத்தடையையும் எச்சரிக்கைப் பலகையையும்விடச் சாலையின் மேற்பரப்பே போக்குவரத்தைத் திறம்பட அடக்குகிறது. தார் வந்தால் குறுக்குவழி தேடும் வண்டிகளும் வரும். அதன்பின் மிதிவண்டிக்கு அங்கே வேலையில்லை.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை எளிதில் ஒதுக்க இயலாது. அந்தச் சாலையோரம் ஆண்டு முழுதும் வாழ்பவர் கோடையில் புழுதியைத் தின்கிறார். மழைக்காலத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறார். மூன்று நாட்கள் வந்து செல்பவரின் காதுக்கு இனிமை வேண்டும் என்பதற்காக ஆம்புலன்ஸ் மெல்ல வர வேண்டுமா என்று அவர் கேட்டால், பாரம்பரியம் என்ற ஒற்றைச் சொல் அதற்கு விடையாகாது. ஆயினும் தார் பூசுவதைவிடச் சரளைச் சாலையைச் செம்மையாகப் பேணுவதே தக்க விடை. நன்கு பேணிய சரளைச் சாலைக்கும் கைவிடப்பட்ட சரளைச் சாலைக்கும் உள்ள வேறுபாடு பெரிது. மலைச்சரிவில் சரளையை அரிப்பது நீரே. நடு உயர்ந்து இருபுறமும் சரிந்த மேற்பரப்பு, அடைபடாத ஓரக்கால்வாய், பெருமழைக்குப் பின் உடனே மட்டப்படுத்தும் பணி ஆகியவை தவறாமல் நடந்தால் புழுதியைத் தவிர்த்த குறைகளிற் பெரும்பாலானவை தீரும். இதற்கான செலவை ஊராட்சியின் வரிப்பணத்தில் ஏற்றிவிட்டு, அமைதியின் வருவாயை விடுதிகளும் ஒயின் நிறுவனங்களும் பயண நிறுவனங்களும் மட்டும் பெறுவதே அநீதி. அங்கே மாற்றம் வேண்டும்.

இந்தியாவில் இவ்வரலாறு படிக்கப்படுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நாசிக்கின் ஒயின் சுற்றுலாவைப் பற்றிய பேச்சில் டஸ்கனி அடிக்கடி மேற்கோளாகிறது. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையில் விடியற்காலையில் மிதிவண்டிகள் ஏறுகின்றன. அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களும் உள்ளன. வாரயிறுதி என்றால் பொழுது நன்றாக விடிவதற்குள் கார்களின் வரிசை அந்த ஏற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். மலை, திராட்சை, மிதிவண்டி மூன்றும் இருந்தும் அமைதி இல்லை. இங்கே மக்கள் ஊரைக் காலிசெய்யவில்லை, செய்யவும் கூடாது. அப்படியிருக்க, டஸ்கனியிலிருந்து இரவல் வாங்கத்தக்கது சாலையின் மேற்பரப்பைப் பற்றிய அறிவும், எவ்வழியில் எந்த வண்டி எந்நேரம் செல்லலாம் என்று முடிவெடுக்கும் துணிவும் மட்டுமே. சைப்ரஸ் மரவரிசையும் கல்வீட்டுச் சாயலில் எழுப்பிய விடுதியும் இதில் சேரா.

லெரோய்க்கா நடைபெறும் நாள் அக்டோபரின் முதல் ஞாயிறு. அது கியாந்தியில் அறுவடைப் பருவம். வார நாட்களில் திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் அதே வெள்ளைச் சாலைகளில் ஊர்கின்றன; கொய்பவர்களில் பலர் வேற்று நாடுகளிலிருந்து பருவத்துக்கு மட்டும் வந்து போகிறவர்கள். குறுகிய பாதையில் டிராக்டர் எதிர்ப்பட்டால் மிதிவண்டி ஓரங்கட்டி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை மரியாதை. எழுப்பிய புழுதி அடங்கும் வரை இரு தரப்பும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளச் சிறிது நேரம் கிடைக்கிறது.